அண்ணன் புரட்டிய பக்கம்

பாங்காய், ஹாபாய் தீவுகள்
4 மார்ச் 2007

அன்புள்ள சேமிசிக்கும் லேசியேலிக்கும்,

இன்னொரு ஞாயிறைக் காணத் தந்த ஆண்டவருக்கு நன்றி. அங்கே அண்ணன் தங்கை இருவரும், பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழையும் நானும் சுகம்.

சேமிசியின் மகள் கலோலைனுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்ததை, போதகர் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார். நம் குடும்பத்தில் ஊசி போடப்போகிற முதல் ஆள்! லேசியேலியின் பாயேயா பள்ளி ரக்பி அணியில், அதுவும் முன்வரிசையில். அந்தத் தோள் என் அப்பாவின் தோள், வேறு யாருடையதும் அல்ல. சின்னவள் நெட்டி எழுத்துக்கூட்டும் போட்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை முந்திவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஓஃபா, "லாவினியாக்கா, போன வாரமும் இதையேதான் சொன்னீங்க" என்றாள். "போன வாரம் நீ சரியாக் கேக்கலை, அதான் மறுபடி" என்றேன்.

சுவரில் இருக்கிற பிள்ளைகளின் படம் மூன்று வருஷத்துக்கு முந்தியது. அதில் பாயேயாவுக்கு முன்பல் இல்லை. ரக்பி ஆடுகிறவனைப் பொக்கை வாயோடு காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புதுப் படம் ஒன்று தபாலில் போடுங்கள்.

உங்கள் நாட்டுக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து தாள்கள் வந்துவிட்டன. தலைநகர் நுக்குவலோஃபாவில் அவர்கள் சொல்லியிருக்கிற மருத்துவரிடம் உடம்பைக் காட்ட வேண்டுமாம். அடுத்த மாதக் கப்பலில் போய் உயேசிலி அண்ணன் வீட்டில் தங்குவேன். பெரியப்பா மகன் என்றாலும் எனக்கு அவர்தான் மூத்த அண்ணன். சுங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். ஆங்கிலத் தாளெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம்.
அம்மா

ஆக்லாந்து
18 மார்ச் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கடிதத்தை வழக்கம்போல் அண்ணன் ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் சத்தமாக வாசித்தார். தோள் விஷயம் வந்ததும் பாயேயா எழுந்து ஓடிவிட்டான்.

அண்ணன் உங்களுக்கு எழுதச் சொன்னது இது. உங்களுக்கு இப்போது இருக்கிற நோய்க்கு வைத்தியம் பார்க்க இங்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்தாயிரம் டாலருக்கு மேல் செலவாகும் என்று தோன்றினால், குடியேற விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்து இங்கே வந்த பிறகு என்ன வந்தாலும் மற்றவர்களைப்போல உங்களுக்கும் இலவசம். நான் தரை துடைக்கிற ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாசலைத் தாண்டும்வரைதான் இந்தச் சோதனையெல்லாம்.

அண்ணன் சிரிக்கிறார்: "அம்மா உடம்புல எது செலவு? வாய் ஒண்ணுதான். அதுக்கு இந்த ஊர்லயும் மருந்து கிடையாது."

நெட்டியின் அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. படம் எடுக்கக் கலோலைனுக்கு நேரம் வாய்க்கட்டும்.

உங்கள் ஜெபத்தில் எங்களை வையுங்கள்.
லேசியேலி

நுக்குவலோஃபா
22 ஏப்ரல் 2007

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

கப்பலில் அலை அதிகம். ஆனாலும் கரையில் இறங்கும்போது என் சொந்தக் காலில்தான் இறங்கினேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நெட்டிக்குக் காதை மூடிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்த்தாயிற்று. வெளிநாட்டுக்காரர், நம் பேச்சு தெரியாது. பெண் நர்ஸ் யாரும் அன்றைக்கு இல்லை. உயேசிலி அண்ணன் கோட்டு போட்டு, அரசாங்க வேலைக்குப் போகிற மரியாதையோடு இடுப்பில் புதுப் பாய் கட்டிக்கொண்டு வந்தார். தாளில் உள்ளதை அவர் வாசித்துக் கேட்பார், நான் சொல்வேன், அவர் கட்டத்தில் கோடு போடுவார்.

"தங்கச்சி, மூச்சு வாங்குதா?"

"இல்லண்ணா."

"சர்க்கரை இருக்கா?"

"டீயில மட்டும்."

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மருத்துவரும் சிரித்தார். அதற்கடுத்த பக்கத்தை அண்ணன் மேலிருந்து கீழ்வரை மனசுக்குள்ளேயே வாசித்தார். காது சிவந்துவிட்டது. நான் சன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஏதோ கேட்டார். அண்ணன் தலையை ஆட்டி, இல்லை, இல்லை, இல்லை என்று கட்டம் முழுக்கக் கோடு இழுத்துவிட்டு வேகமாகப் புரட்டினார். அது என்ன பக்கமென்று நான் கேட்கவில்லை. அண்ணன் இருக்கிற இடத்தில் நான் தலைகூடச் சீவியதில்லை. கேட்பேனா?

கடைசியில், கேட்டு எழுதியதெல்லாம் உண்மை என்று அவரும் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.

என் நெஞ்சின் படமே ஒரு நிமிஷத்தில் எடுத்தாயிற்று. மூன்று பிள்ளைகளின் படத்துக்கு இவ்வளவு நாளா?

அம்மா

ஆக்லாந்து
13 மே 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நெஞ்சுப் படம் சுத்தம், சிறுநீரகம் சரி, சர்க்கரையும் அவர்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று அலுவலகத்திலிருந்து வந்தது. ரத்தம் மட்டும் மிகவும் குறைவாம், ஏனென்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் ஈரல் சாப்பிடச் சொல்கிறார்.

மே முதல் ஞாயிறு, எல்லாரும் வெள்ளை உடுத்துகிற பிள்ளைகள் ஞாயிறு, நெட்டி கோயிலில் பன்னிரண்டு வசனத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தாள். முன்வரிசைக் கிழவிகள் அழுதுவிட்டார்கள். அங்கே நீங்கள் அன்றைக்கு என்ன உடுத்தினீர்கள்? அந்த வெள்ளைப் பட்டுத்தானே?

உங்கள் கடிதத்தில் உயேசிலி மாமா பக்கத்தைப் புரட்டிய இடத்தை வாசிக்கும்போது அண்ணன் குரல் இறங்கிவிட்டது. நான் மேசை துடைக்கப் போய்விட்டேன்.

லேசியேலி

பாங்காய்
10 ஜூன் 2007

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நாளொன்றைக் கூட்டிக் கொடுக்கிறவருக்கு நன்றி. பன்னிரண்டு வசனம்! எனக்கு அந்த வயதில் ஆறுதான் வரும். ஓஃபாவின் பேத்தி நான்காவது வசனத்தில் நின்று சிரித்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை, நெட்டியின் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

வெள்ளைப் பட்டு உடுத்தவில்லை. கறுப்பு உடுத்திக்கொண்டேன். ஓஃபா, "என்னக்கா, பிள்ளைங்க ஞாயிறும் அதுவுமா, யாரு செத்துட்டாங்க?" என்றாள். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். வெயில் அதிகம்.

ஈரல் சாப்பிடுகிறேன். ரத்தம் எதனாலெல்லாம் குறையும் என்று கலோலைன் படிக்கிற புத்தகத்தில் போட்டிருக்கிறதா? சும்மா கேட்டேன்.

ஓஃபா ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கே வருகிறாள். அவள் கையில் சேப்ப இலை அனுப்புகிறேன். திரும்பும்போது அவள் கையில் படத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அம்மா

ஆக்லாந்து
24 ஜூன் 2007

அம்மா,

இந்தக் கடிதத்தை அண்ணன் வாசிக்கவில்லை. ஓஃபாக்கா தன் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். அதனால் நேராகவே கேட்கிறேன், கோபப்படாதீர்கள்.

கறுப்பு உடை, கடைசி வரிசை, ரத்தக்குறைவு. நின்றுபோய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷமான பிறகு உங்களுக்கு மறுபடி போகிறதா? மாமா இல்லை என்று கோடிழுத்தது அந்தக் கேள்விகளுக்குத்தானா?

பதிலை நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தை போதும்.

லேசி

பாங்காய்
15 ஜூலை 2007

லேசியேலிக்கு,

ஆமாம். போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து.

முதலில் ஈரலை நெருப்பில் வாட்டினால் கசிவதைப்போல ஒரு துளி. இப்போது நாள்கணக்கில். அந்தப் பக்கத்தில் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவர் கேட்க முடியுமா, நான் சொல்லத்தான் முடியுமா? அன்றைக்கு அவர் புரட்டியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொன்னேன் என்று தோன்றவில்லை.

சேமிசிக்குத் தெரியவேண்டாம். உன்னால் அவனிடம் சொல்லவும் முடியாது, சொல்லி அவன் முகத்தில் விழிக்கவும் முடியாது.

உன் முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

அம்மா

ஆக்லாந்து
19 ஆகஸ்ட் 2007

அம்மா,

இதை ஓஃபாக்கா பெயருக்கு அனுப்புகிறேன்.

நான் துடைக்கிற வார்டில் ஒரு மூத்த நர்ஸிடம், யாரோ ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். "யாரா இருந்தாலும் சரி, இந்த வாரமே காட்டணும்" என்றாள். அதனால் சொல்கிறேன்: நீங்கள் வாயே திறக்காதீர்கள். முத்திரை விழட்டும், விமானம் ஏறுங்கள். மறுநாள் காலையில் நானே உங்களை இங்கே கூட்டிவந்து காட்டுகிறேன். எல்லாம் பார்ப்பார்கள், ஒரு காசு வேண்டாம். அதுவரை நோயே இல்லை. எனக்கு இது பாவமாகத் தோன்றவில்லை அம்மா.

ஆனால் வேறொன்று நடந்துவிட்டது. ரத்தத்தை நான்கு வாரத்துக்குள் மறுபடி சோதித்து அனுப்பச் சொல்லி அலுவலகம் எழுதியிருந்தது. அண்ணன்தானே உங்களை வரவழைக்கிறவர், கடிதம் அவருக்குத்தான் வரும். அவர் மூன்று மாதம் தவணை கேட்டு எழுதிவிட்டார்.

"எதுக்கு அவசரம்? அம்மா நல்லா சாப்பிட்டு ரத்தம் ஏறட்டும். அரைகுறையாக் காட்டி ஏன் கெடுத்துக்கணும்?"

"சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே."

"ஏன்?"

அந்த 'ஏன்' கேள்விக்கு என் வாயில் பதில் இருந்தது. அவர் என் அண்ணன். அவர் கூடத்தில் டிவி பார்த்தால் நான் அடுக்களையைவிட்டு வெளியே வராதவள். அண்ணி உயிரோடு இருந்தால் அவள் காதில் போட்டிருப்பேன். கலோலைனும் அப்பாவிடம் இதைப் பேசமாட்டாள். கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். அவர் உறையை ஒட்டிவிட்டார்.

மன்னியுங்கள்.
லேசி

நுக்குவலோஃபா
16 செப்டம்பர் 2007

லேசியேலிக்கு,

நீ மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. சேமிசி செய்ததும் என் நன்மைக்குத்தான். பாயேயாவுக்குக் கால் சுளுக்கு என்று ஓஃபா வழியாகக் கேள்விப்பட்டேன். சூடு வைக்கச் சொல்.

நீ சொன்னதைக் கிணற்றடியிலும் கோயிலிலும் யோசித்துப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் நான் வந்துவிடலாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டினால், இது எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். பழைய தாளை எடுப்பார்கள். அதில் என் பெயருக்குக் கீழே உயேசிலி அண்ணன் பெயர் இருக்கிறது, உண்மை என்று. முப்பது வருஷம் சுங்கத்தில் ஒரு டப்பா இறைச்சிகூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷன். அவர் பொய் எழுதினார் என்று எழுபது வயதில் ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டாம்.

ஓஃபாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினேன். அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று, "ஒரு தாளை மாத்தணும்ணா" என்றேன்.

"எந்தத் தாளு?"

"நீங்க வேகமாப் புரட்டினது."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, இன்னும் விளையாத வள்ளிக்கிழங்கைத் தோண்டப் போய்விட்டார்.

இந்த முறை அதே மருத்துவரிடத்தில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள். அவள் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். ஐந்தாம் வகுப்புக்காரிக்கும் கட்டத்தில் கோடு போடத் தெரியும். நானே போட்டேன். ஆமாம், ஆமாம், ஆமாம். சோதித்துப் பார்த்த மருத்துவர் வெகுநேரம் கை கழுவினார். நர்ஸ், "முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள். "வந்தேன் கண்ணு. நீதான் அன்னைக்கு இல்லை" என்றேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். வேறொன்றும் வேண்டாம்.

அம்மா

ஆக்லாந்து
28 அக்டோபர் 2007

அம்மா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கை வரவில்லை.

அலுவலகத்துக் கடிதம் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல செய்தி என்று நினைத்து அண்ணன் ஞாயிறுவரை பிரிக்காமல் வைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் உட்காரவைத்து, கோயிலில் வாசிக்கிற குரலில், ஒவ்வொரு வரியாக நம் பேச்சுக்கு மாற்றி வாசித்தார். "விண்ணப்பதாரர் திருமதி லாவினியா அவர்களுக்கு..." மூன்றாவது வரியில் கருப்பை என்று இருந்தது. வாயிலிருந்து அது வந்துவிட்டது. நிறுத்தினார். நெட்டி, "அப்படின்னா என்ன மாமா?" என்றாள்.

தாளை என் பக்கம் தள்ளினார். அதற்குக் கீழே புற்று என்று இருந்தது. பொது மருத்துவச் சேவைக்கு நீங்கள் எத்தனை ஆயிரம் டாலர் செலவு வைப்பீர்கள் என்று இருந்தது. ஆகையால் இயலாது என்று இருந்தது. இந்த வீட்டில் பத்து மாதமாக யாரும் சொல்லாததை, எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆள் எட்டு வரியில் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் அண்ணன் அடுக்களைக் கதவுக்கு வெளியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஜூலை."

"நான் மூணு மாசம் தவணை கேட்டேனே" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவதில்லை.

அம்மா, போன கடிதத்தில் நீங்கள் படம் கேட்கவில்லை. எடுத்து நான்கு மாதமாகிறது. நீங்கள்தான் வரப்போகிறீர்களே, எதற்குத் தபால்செலவு என்று இழுப்பறையில் போட்டுவிட்டேன். இப்போது இதோடு வைத்திருக்கிறேன்.

லேசி

பாங்காய்
25 நவம்பர் 2007

அன்புள்ள லேசியேலிக்கு,

இன்னும் மூச்சு இருக்கிறது, அதற்கு நன்றி. நெட்டியின் பரீட்சை, பாயேயாவின் கடைசி ஆட்டம், கலோலைனின் முதல் வருஷம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுது. வரவேண்டாம். நீ விடுப்புப் போட்டால் வேலை போகும், பிள்ளைகளுக்கு யாருமில்லை.

நுக்குவலோஃபா ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். மேலே செய்யவேண்டியதற்கான கருவி கடல் தாண்டித்தான் இருக்கிறதாம். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

சேமிசி செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினான். உன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வந்திருப்பான் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் பிள்ளைகளைப்பற்றிக் கேட்டால் தலையாட்டுவான். உயேசிலி அண்ணன் வள்ளிக்கிழங்கு அனுப்பியிருந்தார், அவர் வரவில்லை.

வியாழக்கிழமை கொல்லையில் நான் மூடிவைத்திருந்த வாளியைப் பார்த்துவிட்டான். இத்தனை மாதமும் யார் கண்ணிலும் படாமல் கடலில் அலசி, வீட்டுக்குள்ளேயே காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு தூரம் நடக்க முடிவதில்லை. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"டேய், அது பொம்பளைத் துணிடா. வை கீழ."

"உங்க துணிதானே."

கோயில் மூப்பன், கோட்டு போட்டுப் பழகியவன், முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிக் கல்லில் உட்கார்ந்தான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஓஃபா ஓடினாள். "குடு சேமிசி, நான் அலசுறேன். நீ செய்யக் கூடாதுப்பா."

"உனக்கு முன்னமே தெரியும்ல ஓஃபாக்கா? எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிப்பா சொல்றது?"

அவன் துணியைக் கல்லில் விரித்தான். ஆக்லாந்திலிருந்து கொண்டுவந்த சோப்புக்கட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பிறந்தவன்தான், மறந்துவிட்டான். கட்டி முழுதும் கரைகிறவரை விடாமல் தேய்த்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதென்று நான் சொல்லவில்லை.

அம்மா